லண்டௌர் மொழிப் பள்ளியும் அங்கே கழித்த ஈஸ்டரும்: ஒரு மதிப்புரை

வட இந்தியப் பணித்தளங்களுக்குப் புறப்படும் புதிய மிஷனெரிகள் இந்தி கற்க எங்கே போகலாம் என்ற கேள்வி நம் சபைகளில் அடிக்கடி எழுகிறது. முசூரிக்கு மேலே, 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் லண்டௌர் மொழிப் பள்ளியில் பயிற்சி பெற்றவன் என்ற முறையிலும், பெரிய வெள்ளியையும் ஈஸ்டரையும் ஊருக்கு வராமல் அங்கேயே ஆசரித்தவன் என்ற முறையிலும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வகுப்பறையை மட்டும் வைத்து ஒரு மொழிப் பள்ளியை எடைபோட முடியாது. பண்டிகை நாளில் தாய்மொழி காதிலேயே விழாத இடத்தில், கற்ற மொழியில் ஒருவரால் ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் வாழ்த்துச் சொல்லவும் முடிகிறதா என்பதே மிஷனெரிப் பயிற்சிக்குத் தகுந்த உரைகல் என்று நம்புகிறேன். அந்தச் சோதனையில் இந்தப் பள்ளி தேறுகிறது.

பள்ளி நடப்பது கெல்லாக் நினைவுத் தேவாலயக் கட்டடத்தில். சாமுவேல் கெல்லாக் என்ற அமெரிக்க பிரெஸ்பிட்டீரியன் மிஷனெரி இந்திக்கு விரிவான இலக்கணம் எழுதியவர். இந்தி பழைய ஏற்பாட்டைத் திருத்தும் பணியில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே, 1899இல், இதே லண்டௌரில் இறந்தார். அவர் நினைவாக 1903இல் எழுந்த ஆலயம் அது. திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்ததும் அதே ஆண்டுதான் என்பது, நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு தனி நெருக்கத்தைத் தரும். சமவெளியின் கோடை வெயிலிலிருந்து மலையேறிவந்த வெளிநாட்டு மிஷனெரிகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் இன்று ஆய்வு மாணவர்களும் பலவகைத் தொண்டு நிறுவனப் பணியாளர்களும் படிக்கிறார்கள். இந்தி மட்டுமல்லாமல் உருது, பஞ்சாபி, கடுவாலி ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன.

பள்ளியின் உண்மையான பலம் தனி வகுப்பு. ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், 50 நிமிடம். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. குழு வகுப்பும் உண்டு, கட்டணமும் அதற்குக் குறைவு. ஆனால் தமிழர்கள் ஒரு பகுதியையாவது தனி வகுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். நாம் ஒரே 'க' எழுத்தைக் கொண்டு ஒப்பேற்றும் இடத்தில் இந்தியில் நான்கு ஒலிகள் இருக்கின்றன. மூச்சோடு வருவதையும் மூச்சில்லாமல் வருவதையும் பிரித்துச் சொல்ல நம் நாக்கு பழகியதில்லை. என் ஆசிரியை ஒரு காகிதத் துண்டை என் உதட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மூச்சொலி வரும் சொல்லுக்கு அது ஆட வேண்டும், மற்றதற்கு ஆடக்கூடாது என்று வைத்துச் சலிக்காமல் பழக்கினார். இந்த அளவு கவனத்தைக் குழு வகுப்பில் எதிர்பார்க்க முடியாது.

உயிர்த்தெழுதல் ஞாயிறன்று மலைக்குக் கீழே உள்ள ஓர் இந்திச் சபையில் லூக்கா 24ஆம் அதிகாரத்தை வாசிக்கும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். இதைச் சொன்னதும் ஆசிரியை பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, வேதாகமத்தையே அந்த வாரத்தின் பாடமாக்கிக்கொண்டார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் அந்தப் பகுதியை அவர் கையாண்ட மரியாதையை நான் மறக்கமாட்டேன். முதல் இரண்டு வசனங்களிலேயே இந்தியின் பெரிய சிக்கல் ஒன்று வந்துவிடுகிறது. பெண்கள் கல்லறைக்கு வந்தார்கள் என்னும்போது வினை பெண்பாலில் நிற்கிறது. அதே பெண்கள் கல் புரட்டப்பட்டிருக்கக் கண்டார்கள் என்னும்போது வினை ஆண்பாலுக்கு மாறிவிடுகிறது. இறந்தகாலத்தில் 'நே' உருபு வந்தால் வினை எழுவாயை விட்டு விலகிவிடும் என்ற விதியைச் சூத்திரமாகப் படித்தபோது மனத்தில் நிற்கவில்லை. கல்லறையின் முன் நிற்கும் அந்தப் பெண்களை வைத்துப் படித்தபோது நின்றுவிட்டது. மாணவரின் பணிக்குத் தேவையானதையே பாடமாக்கும் இந்த நெகிழ்வுக்காகவே பள்ளிக்கு முழு மதிப்பெண் தரலாம்.

தங்குமிடத்தைப் பற்றி அந்த அளவுக்கு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. நான் இருந்த விடுதி பள்ளியைச் சேர்ந்ததன்று, பெயர் வேண்டாம். பெரிய வெள்ளியோடு சனி, ஞாயிறும் சேர்ந்து நீண்ட விடுமுறையாகிவிட்டதால் டெல்லி வண்டிகள் மலைப்பாதையை அடைத்துக்கொண்டன. அதைச் சாக்காக வைத்து, நெடுநாள் தங்கியிருந்தவர்களிடமும் வாடகையை உயர்த்திக் கேட்டார்கள். ஊழியத்துக்கென்று சபையார் மாதந்தோறும் அனுப்பும் காணிக்கையில் வாழ்கிறவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. முன்பணம் கட்டும்போதே விடுமுறை நாட்களின் வாடகையையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். ஆனால் அதே விடுதியின் சமையற்காரர் செய்த உதவி வேறு ரகம். மூன்று மணி தியானம் முடியும்வரை உபவாசமிருந்து பிறகு கஞ்சி குடிப்பது எங்கள் ஊர் வழக்கம் என்று கேட்டறிந்தவர், யாரும் சொல்லாமலேயே அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்து, நெய்யில் பொரித்த சீரகத்தைத் தூவி, மாங்காய் ஊறுகாயோடு கொண்டுவந்து வைத்தார். எங்கள் கஞ்சியின் ருசி அதில் இல்லை. இருந்தும் ஒரு பருக்கை மீதி வைக்க மனம் வரவில்லை.

பள்ளியில் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, லண்டௌரில் ஆங்கிலம் மிகச் சுலபமாகச் செல்லுபடியாகிறது என்பதுதான். சார் துக்கான் தேநீர்க் கடைகளிலும், நிலக்கடலை வெண்ணெய்க்கும் ஜாமுக்கும் பேர்போன சிஸ்டர்ஸ் பஜார் கடையிலும் ஆங்கிலத்திலேயே காரியம் முடிந்துவிடும். பண்டிகை நாளில் மனம் சோர்ந்திருக்கும்போது, பழகிய பாடல்களோடு நடக்கும் ஆங்கில ஆராதனையில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றுவதும் இயல்பே. அதைத் தவிர்த்துவிட்டு, செங்குத்தான பாதையில் பஜாருக்கு இறங்கிப் போனதால்தான் எனக்கு அந்த ஈஸ்டர் கிடைத்தது. டோலக்கும் மஞ்சீராவும் முழங்கப் பாடிய பஜன்களில் பாதி புரியவில்லை. வாசிப்பு மட்டும் தடையின்றி வந்தது. ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவரும் 'ஜய் மசீஹ் கீ' என்று கைகூப்பி வந்து, ஊர் எது, அம்மா அப்பா இருக்கிறார்களா, ரோட்டி சாப்பிடப் பழகிவிட்டதா என்று நின்று நிதானமாகக் கேட்டார்கள். அந்தக் கேள்விகள் அத்தனையும் முதல் மாதப் பாடத்தில் இருப்பவை. வீட்டில் அந்நேரம் எல்லோரும் கூடியிருப்பார்கள் என்ற நினைவு தொண்டையை அடைத்தது உண்மை. ஆனாலும் பதில் இந்தியில்தான் வந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பாட நூல்களின் விளக்கங்கள் ஆங்கிலத்தின் வழியாகவே அமைந்துள்ளன. 'எனக்குப் பசிக்கிறது' என்பது போன்ற வாக்கியங்கள் தமிழிலும் இந்தியிலும் ஒரே வார்ப்பு. வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னே வருவதும் அப்படியே. ஆங்கிலம் பேசுகிறவர் பாடுபட்டுக் கற்கும் இந்தப் பகுதிகளை நாம் விரைவாகக் கடந்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தை உச்சரிப்புக்கும் உயிரற்ற பொருள்களின் பால்வேறுபாட்டுக்கும் செலவிடலாம். இதை முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் சொன்னால் பாடத்தை மாற்றி அமைத்துத் தருகிறார்கள். நாமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

கடுங்குளிர் மாதங்களில் பள்ளி மூடப்படுவதால் கிறிஸ்துமஸை அங்கே படித்துக்கொண்டே கழிக்க வாய்ப்பில்லை. பயிற்சியாளர்களை அனுப்பும் மிஷன் சங்கங்கள் பிப்ரவரியில் பள்ளி திறந்தவுடன் சேரும்படி அனுப்பினால், லெந்து காலம் முழுவதும் படித்து ஈஸ்டருக்குள் ஓரளவு பேச வந்துவிடும். பண்டிகைக்கு ஊருக்கு அழைத்துக்கொள்ளும் பயணச் செலவில் ஒரு பகுதியைக் கூடுதல் தனி வகுப்புகளுக்கு ஒதுக்கி, அந்த வாரத்தில் ஓர் இந்திச் சபையோடு அவர்களை இணைத்துவிடும்படி சங்கங்களை வேண்டிக்கொள்கிறேன். ஏப்ரலிலும் காலைக் குளிர் நம் உடம்புக்குக் கடுமையானது; கம்பளிச் சட்டையை டேராடூனில் இறங்கியதும் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.