மூங்கிலா, அரக்கா, உலோகமா: நூடுல்ஸுக்கு எந்தக் குச்சி?

"குச்சியா, முள்கரண்டியா?" என்று கேட்பவர்கள் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமலேயே கேட்கிறார்கள். குச்சி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்றும் நினைத்துவிடுகிறார்கள். சீனாவின் குச்சி வேறு, ஜப்பானின் குச்சி வேறு, கொரியாவின் குச்சி முற்றிலும் வேறு. நீளம், தடிமன், முனை, செய்பொருள் எல்லாமே மாறுகின்றன. ஒரு வகை நூடுல்ஸை அலட்டிக்கொள்ளாமல் தூக்கும் குச்சி, இன்னொரு வகையின் முன் தோற்றுப்போகும். சாப்பிடுபவரின் கை மீது பழி போடுவதற்கு முன் குச்சியைப் பார்ப்பதுதான் நியாயம்.

முதலில் முள்கரண்டி வழக்கைத் தீர்த்துவிடலாம். இத்தாலியப் பாஸ்தாவுக்கு முள்கரண்டி பொருந்துவதற்குக் காரணம் தட்டு. சாஸில் நீர் குறைவு. நான்கு பற்களையும் தட்டில் ஊன்றிச் சுழற்றினால் இழைகள் சுருண்டு ஒரு வாய்க்கு அடங்கும் உருண்டையாகிவிடும். அதே வேலையை ஆழமான கிண்ணத்தில், சூப்புக்குள் செய்து பாருங்கள். சுழற்றச் சுழற்ற இழை நழுவும், சூப் தெறிக்கும். அப்படியே சுருண்டாலும் உருண்டைக்குள் கொதிக்கும் சூப் சிக்கிக்கொண்டு நாக்கைச் சுடும். குச்சி இழைகளைச் சுருட்டுவதில்லை; தொங்கவிட்டுத் தூக்குகிறது. தூக்கியவுடன் மிகுதியான சூப் கிண்ணத்துக்கே வடிகிறது, இழைகளுக்கிடையே காற்று புகுகிறது, சூடு தணிகிறது. கீழ்முனைகள் கிண்ணத்திலேயே கிடக்க, மேலே இருப்பதை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டியதுதான். ஜப்பானில் சோபா, ராமென் என்னும் நூடுல்ஸ் வகைகளைச் சத்தமாக உறிஞ்சுவது அநாகரிகம் அல்ல. காற்றும் சேர்ந்து உள்ளே போவதால் வாய் வேகாது, மணமும் மூக்குக்கு ஏறும். சூப் நூடுல்ஸ் என்றால் என் வாக்கு முழுவதும் குச்சிக்கே.

ஆனால் முள்கரண்டிக்கு நூடுல்ஸ் வரலாற்றில் மறுக்க முடியாத ஓர் இடம் உண்டு. 1958இல் உடனடி நூடுல்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்த மோமோஃபுகு ஆண்டோ, 1966இல் அமெரிக்கா சென்றார். அங்கே அவருடைய நூடுல்ஸைச் சுவைத்துப் பார்த்த வியாபாரிகளிடம் கிண்ணமும் இல்லை, குச்சியும் இல்லை. நூடுல்ஸ் கட்டியை உடைத்துக் கோப்பையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, முள்கரண்டியால் சாப்பிட்டார்கள். அந்தக் காட்சியிலிருந்து பிறந்ததுதான் 1971இல் வந்த கப் நூடுல்ஸ். ஜப்பானிலேயே அது முள்கரண்டியோடு விற்கப்பட்டது. நின்றபடியும் நடந்தபடியும் சாப்பிடுகிற உணவுக்கு அது சரியான கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி குச்சிகள். சீனக் குச்சி மூன்றிலும் நீளமானது. 25 சென்டிமீட்டரோ அதற்கு மேலுமோ இருக்கும். பிடிக்கும் பக்கம் சதுரம், உண்ணும் பக்கம் உருண்டை, முனை மழுங்கல். மேசையின் நடுவே வைத்த பொதுத் தட்டுகளை எட்டுவதற்கு இந்த நீளம் உதவுகிறது. அன்யாங் அருகே ஷாங் அரசகாலத் தலைநகரின் இடிபாடுகளில் வெண்கலக் குச்சிகள் கிடைத்துள்ளன. தொடக்கத்தில் இவை சமையல் கருவிகளாக இருந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. கொதிநீரிலிருந்து எதையாவது பிடித்தெடுக்க இந்த வடிவத்தை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை.

மழுங்கிய தடித்த முனையை அழகில்லாதது என்று சிலர் ஒதுக்குவார்கள். நூடுல்ஸுக்கு அதுதான் பலம். லான்ஜோ நகரத்து மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடையில் மாவைக் கையாலேயே இழுத்து நீட்டி இழையாக்குகிறார்கள். மயிரிழை போன்ற மெல்லியதிலிருந்து விரலகலப் பட்டை வரை, எந்தத் தடிமன் வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்ல வேண்டும். ஷியான் நகரத்துப் பியாங்பியாங் நூடுல்ஸோ இடுப்பு வார் அகலம். மிளகாய் எண்ணெயில் ஊறிய அந்தக் கனத்த பட்டையைக் கூர்முனைக் குச்சியால் பிடித்தால், இரண்டு சிறு புள்ளிகளில்தான் பிடி விழும். பட்டை திரும்பிச் சரிந்து எண்ணெயோடு சட்டையில் விழும். தடித்த முனையில் தொடும் பரப்பு அதிகம், அதனால் பிடி நிற்கும். அதிலும் பூச்சில்லாத மூங்கில் என்றால் ஈரத்திலும் சொரசொரப்பு மாறாது.

ஜப்பானியக் குச்சி குட்டையானது, நுனி நோக்கிக் கூர்மையாகக் குறுகுவது. அங்கே ஒவ்வொருவர் முன்னும் அவரவர் உணவு தனியே வைக்கப்படுவதால் நீளம் தேவைப்படவில்லை. மீனிலிருந்து முள்ளைப் பிரிக்கக் கூர்முனை வேண்டியிருந்தது. ஃபுகுயி மாநிலத்தின் ஒபாமா நகரம் அரக்குப் பூச்சுக் குச்சிகளுக்குப் பேர்போனது. முட்டை ஓடும் சிப்பியும் பதித்துத் தேய்த்து மெருகேற்றிய, வக்காசா எனப்படும் அந்த ஊர்க் குச்சிகள் கைவினையின் உச்சம். அவற்றைக் கையில் எடுத்தாலே மனம் நிறைகிறது. ஆனால் வழவழப்பான அரக்கு முனையில் தடித்த உடோன் நூடுல்ஸ் நழுவுகிறது, அதுவும் சூப்பில் நனைந்த பிறகு.

மெல்லிய இழைகளில் கதை மாறுகிறது. இயந்திரத்தில் செய்த உலர் நூடுல்ஸுக்கான ஜப்பானியத் தர விதிப்படி சோமென் என்னும் மெல்லிய வகை 1.3 மில்லிமீட்டருக்குக் குறைவான விட்டம் கொண்டது, உடோன் 1.7 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். குளிர்ந்த நீரில் மிதக்கும் சோமெனில் நான்கைந்து இழைகளை மட்டும் பிரித்தெடுத்து, சிறு கிண்ணத்துச் சாற்றில் தோய்த்து உண்ண, அந்தக் கூர்முனைக்கு நிகர் இல்லை. சீனக் குச்சியால் எடுத்தால் ஒரு கொத்தே கூட வந்துவிடும். ராமென் கடைகளில் வெகுகாலம் கொடுத்துவந்தது இரண்டாகப் பிளக்கும் மரக்குச்சி. அழகில் மட்டம், பிடியில் முதல் தரம். அதன் குறை வேறு: ஒரு முறை உண்டதும் குப்பைக்குப் போகிறது. சீன அரசு 2006இல் இத்தகைய மரக்குச்சிக்கு 5 விழுக்காடு நுகர்வு வரி விதித்தது. மரத்தைக் காக்க அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். கழுவிப் பயன்படுத்தும் குச்சி வாங்குகிறவர்கள் நுனியில் பள்ளக்கோடுகள் வெட்டியதைப் பார்த்து வாங்கினால், அந்த மரக்குச்சி தந்த பிடி திரும்பக் கிடைக்கும்.

கொரியக் குச்சிதான் இந்த ஒப்பீட்டில் சிக்கலானது. உலோகம், தட்டை வடிவம், மெலிவு, கனம். கொரியாவில் சோறும் சூப்பும் கரண்டியின் வேலை. குச்சி முக்கியமாகத் துணை உணவுகளுக்கு. 1971இல் கோங்ஜுவில் கண்டெடுக்கப்பட்ட பெக்ஜே என்னும் பழைய கொரிய அரசின் மன்னர் முர்யோங்கின் கல்லறையிலேயே வெண்கலக் கரண்டியும் குச்சியும் சேர்ந்து இருந்தன. ஊறிய இலையொன்றை அடுக்கிலிருந்து உரித்தெடுப்பதும், வழுக்கும் கறுப்பு அவரை விதையை ஒற்றையாகப் பிடிப்பதும் இந்தத் தட்டை முனைக்கு எளிது.

நூடுல்ஸில் அதற்குக் கடைசி இடம்தான் தருவேன். பக்வீட் மாவும் மாவுச்சத்தும் சேர்த்துச் செய்த குளிர் நூடுல்ஸான நெங்மியோன், ஐஸ் மிதக்கும் சாற்றில் வரும். இழை ரப்பராக இழுபடும், வழுக்கும். அதை மேசையிலேயே கத்தரிக்கோலால் வெட்டித் தருகிறார்கள். வெட்டிய இழையைக்கூட உலோகக் குச்சியால் நெருக்கிப் பிடித்தால் வழுகிவிடும். குச்சிகளை அடியில் செருகி, கொத்தை ஏந்தினாற்போல் தூக்க வேண்டும். சூடான கல்குக்ஸு என்னும் சூப் நூடுல்ஸில் உலோகம் வெப்பத்தை விரல் வரை கடத்துகிறது. கறுத்த சோயா விழுதில் புரட்டிய ஜாஜாங்மியோன் நூடுல்ஸில் மட்டும் எனக்குக் குறையில்லை. கெட்டியான விழுதே இழைகளைக் குச்சியோடு பிடித்துவைக்கிறது.

தென்கிழக்கு ஆசியாவில் இந்தப் போட்டியே வேறு வகையில் தீர்ந்திருக்கிறது. தாய்லாந்தில் சோற்றுக்குக் கரண்டியும் முள்கரண்டியும் எடுக்கும் அதே ஆள், சூப் நூடுல்ஸ் வந்தால் குச்சிக்கு மாறிவிடுகிறார். வியட்நாமில் ஃபோ என்னும் அரிசி நூடுல்ஸ் சூப் கிண்ணத்தின் முன் ஒரு கையில் குச்சியும் மறு கையில் கரண்டியும் இருக்கும். அரிசி நூடுல்ஸ் எளிதில் அறுந்துவிடும் என்பதால் கரண்டி அடியில் தாங்குவது மிகவும் தேவை. சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் தமிழ் முஸ்லிம் கடைகள் வறுத்துத் தரும் மீ கோரெங், தட்டில், உருளைக்கிழங்குத் துண்டுகளோடும் முட்டையோடும் வருகிறது. அதற்குக் கரண்டியும் முள்கரண்டியும்தான் சரி; குச்சியால் இழையை எடுக்கலாம், மிஞ்சிய மசாலாவை எடுக்க முடியாது. தேங்காய்ப்பால் சூப்பில் வரும் காத்தோங் லக்சா நூடுல்ஸில் இழைகளைக் குட்டையாக வெட்டியே போடுவதால் கரண்டி ஒன்றே போதும். அங்குள்ள பல கடைகளில் கிடைக்கும் மெலமைன் பிளாஸ்டிக் குச்சி பற்றி எனக்கு நல்ல சொல் இல்லை. தேயத் தேய இன்னும் வழுக்குகிறது.

வீட்டுக்கு ஒரே ஒரு வகைதான் வாங்குவது என்றால், பூச்சில்லாத மூங்கிலில், 23 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்தில், முனை அளவாகக் குறுகியதை வாங்குங்கள். தடித்த உடோனும் மெல்லிய சேமியா போன்ற இழையும் இரண்டுமே அதில் நிற்கும். மூங்கில் ஈரம் குடிக்கும், பூஞ்சை பிடிக்கும்; கழுவியவுடன் துடைத்து, முனை மேலே இருக்கும்படி நிறுத்திக் காயவிட வேண்டும். முனை கறுத்தாலோ சிலாம்பு கிளம்பினாலோ மாற்றிவிட வேண்டும்.