பெட்டிக்கடைக் கொடியில் தொங்கும் அட்டைகள்: எது யாரைக் கூப்பிடுகிறது?

பெட்டிக்கடையில் வாரப் பத்திரிகைகளைக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கும், பல இதழ்களில் மேல் பாதிதான் கண்ணில் படும். பத்திரிகைப் பெயர் உச்சியிலும் முகம் அதை ஒட்டியும் இருப்பது இதற்காகத்தான். பஸ்ஸுக்கு ஓடுகிறவர் திரும்பிப் பார்க்கிற அந்த இரண்டு நொடிக்குள் 'இது உனக்கு' என்று அட்டை சொல்லியாக வேண்டும்.

பழைய ஆனந்த விகடன் இதை ஜோக்கால் சொன்னது. ஓவியர்கள் மாலி, கோபுலு காலத்து அட்டைகளைப் பாருங்கள், ஏதோ ஒரு வீட்டுக் கூடம், கணவன் மனைவி, கீழே இரண்டு வரி வசனம். சிரித்தவர் அந்த வீட்டை ஏற்கெனவே தெரிந்தவர், அதாவது படித்த நடுத்தரக் குடும்பத்து ஆள், வலை விழுந்தது அவருக்குத்தான். அட்டை ஜோக்கை லேசாக நினைக்க வேண்டாம். 1987-இல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் திருடர்களோடு ஒப்பிட்ட ஓர் அட்டை ஜோக்குக்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்தது, எதிர்ப்பு கிளம்பிய பிறகு சில நாளிலேயே விட்டார்கள். அதே ஜோக் உள்ளே நாற்பதாம் பக்கத்தில் வந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அட்டை என்பது வாங்காதவரும் படிக்கிற பக்கம்.

குமுதம் வேறு வழியில் போனது. நடிகையின் முகம், நேராக நம்மைப் பார்க்கிற கண், பளிச்சென்ற நிறம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர், பயணத்துக்கு ஏதாவது வேண்டும் என்பவர், சினிமா ரசிகர் என்று எல்லோரையும் ஒரே படம் நிறுத்தியது, விற்பனைக்கு அது பெரிய பலம். ஆனால் எல்லோரையும் கூப்பிடுகிற அட்டையில் ஒரு பிரச்சினை உண்டு, பெயரை மறைத்துவிட்டால் எந்தப் பத்திரிகை என்று தெரியாது. விகடனின் சின்னமான தாத்தா முகத்தின் கொம்பு மட்டும் தெரிந்தாலே போதும், அது விகடன்.

ஜூனியர் விகடன், நக்கீரன் போன்ற அரசியல் இதழ்களில் படத்தைவிட எழுத்துதான் வேலை செய்கிறது. தலைவர்களின் வெட்டி ஒட்டிய முகம், சிவப்பு மஞ்சளில் தடித்த தலைப்பு, ஆச்சரியக்குறி, கூடவே கடை வாசலில் போஸ்டர். டீக்கடையில் பேச விஷயம் தேடுகிறவருக்கு இது கச்சிதம். அழகு குறைவு என்று குறை சொல்ல மாட்டேன், அவசரம் தெரிய வேண்டிய இடத்தில் அழகு தடையாகிவிடும்.

சரி, என் ஓட்டு யாருக்கு? அம்புலிமாமாவுக்கு. 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய சிறுவர் பத்திரிகை. அதன் அட்டைக்கு இருந்த சிக்கல் மற்ற எதற்கும் இல்லை: ஆசைப்படுகிறவர் குழந்தை, காசு கொடுக்கிறவர் அம்மாவோ தாத்தாவோ. வட்டாதி பாபய்யா வரைந்த அட்டைகளில் குழந்தைக்கு நகை மின்னும், குதிரை பாயும், நிறம் சொட்டும். பெரியவர்கள் கண்ணுக்கு அதே படம் தாங்கள் கேட்டு வளர்ந்த புராணக் காட்சி, 'நல்ல புத்தகம்தான், வாங்கிக் கொடுக்கலாம்' என்று கை தானாகப் பைக்குள் போகும். ஒரே ஓவியத்தில் இரண்டு தலைமுறையிடம் இரண்டு பேச்சு. இதைவிடக் குறிபார்த்து அடித்த அட்டை தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது கொடியே குறைந்துவிட்டது, அட்டை செல்போனில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. அந்த அளவில் பொடி எழுத்து எல்லாம் புள்ளியாகிவிடும், நடிகை படமோ எந்தப் பக்கம் திருப்பினாலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் பல வார இதழ்கள் இன்னும் அதே நட்சத்திர முகத்தையே போடுகின்றன, அதைச் சுற்றி ஆறேழு தலைப்பை நெருக்கி வைக்கின்றன. ஒரே ஒரு வாரம், நல்ல ஓவியர் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு காட்சியும் ஒரு வரியும் மட்டும் போட்டுப் பார்க்கட்டுமே. நான் முதல் ஆளாக வாங்குவேன்.