நாகர்கோவிலில் தங்கி பத்மநாபபுரம் பார்ப்பது

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முக்கடல் கூடும் இடத்திலேயே அறை எடுத்து, சூரிய உதயத்தையும் விவேகானந்தர் பாறையையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகர்கோவிலில் தங்குவதே மேல் என்பேன். சுசீந்திரம், தக்கலை, முட்டம் ஆகியவற்றுக்கு அங்கிருந்து பேருந்திலேயே போய்வரலாம்.

இவற்றுள் அரை நாளாவது ஒதுக்கிப் பார்க்க வேண்டியது, தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய இந்த இடம் தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே உள்ளது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தால் பூமுகம் எனும் முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் ஒன்றைப்போல் ஒன்றில்லாத பூ வேலைப்பாடுகளும், எந்தத் திசையில் திருப்பினாலும் அப்படியே நிற்கும் குதிரை விளக்கும் கண்ணில் படும். மேலே மந்திரசாலை எனும் ஆலோசனை மண்டபத்தில், சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைக் கலந்து இழைத்ததாகச் சொல்லப்படும் கருந்தரையில் பாதம் வைத்ததுமே குளிர்ச்சி ஏறுகிறது. சன்னல் வெளிச்சம் அதில் கண்ணாடிபோல் தெரிகிறது. சுற்றுலா வேன்களில் வருபவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டியிருப்பதால், அரண்மனையின் ஒரு பகுதியான தாய்க் கொட்டாரத்தின் பலாமரத் தூணை நின்று பார்க்கக்கூட அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது.

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே தலைமை தாங்கிய, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த டி லனாயின் கல்லறை அதற்குள்ளேதான் உள்ளது. பறளியாற்றின் மேல் உயரத்தில் கால்வாய் நீரைக் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கு மாலை வெயிலில் போகலாம். உயரம் கண்டு அஞ்சுபவர்கள் கீழே ஆற்றங்கரையிலிருந்தே அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டே செல்ல வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, பெரிய உணவகங்களைவிடத் தேநீர்க் கடைகளில் கிடைக்கும் ரசவடையும், வாசலில் குலையாகத் தொங்கும் மட்டிப்பழமும் எனக்குப் பிடித்தவை. நவராத்திரிக்குச் சற்று முன்பு வர முடிந்தால், அரண்மனையின் சரசுவதி அம்மன், வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகியோரின் திருமேனிகள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் ஊர்வலத்தையும் காணலாம். பயணத்தை அந்த நாளுக்கே திட்டமிடுங்கள்.