நிறம் பார்த்து மோர்கன் டாலர் வாங்குகிறவர்களே, 650 டாலரை இழந்தவன் எழுதுகிறேன்

மூன்று நாளாகிறது, ஆத்திரம் அடங்கவில்லை. 650 டாலர்! நாணயத்தின் தரத்தை மதிப்பிடும் நிறுவனத்துக்குக் கட்டிய கட்டணமும் தபால் செலவும் தனி.

ஓர் இணைய ஏலத் தளத்தில்தான் அதைப் பார்த்தேன். 1881இல் சான்பிரான்சிஸ்கோவில் அச்சான மோர்கன் வெள்ளி டாலர், பழைய அமெரிக்க நாணயம். அது அரிய நாணயம் அல்ல; புத்தம் புதிதாகவே ஏராளமாகக் கிடைக்கிறது. நான் கொடுத்த விலை முழுவதும் நிறத்துக்குத்தான். முகம் பளிச்சென்ற வெள்ளை, விளிம்பைச் சுற்றி மயில்கழுத்து நீலம், நடுநடுவே ஊதா.

இயற்கையான டோனிங்தானா, அதாவது காலப்போக்கில் தானாகப் படிந்த நிறந்தானா என்று விற்றவரிடம் கேட்டேன். பத்து நிமிடத்தில் நீண்ட பதில் வந்தது. அமெரிக்கக் கருவூலத்தில் இந்த டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தனவாம். துணியிலிருந்த கந்தகம் வெள்ளியில் மெல்லிய படலமாகப் படியுமாம். படலத்தின் தடிமனுக்கு ஏற்ப நிறம் மாறுமாம். அத்தனையும் உண்மை! இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்வாரா என்று நம்பினேன். "மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், எம்எஸ் 66 நிச்சயம், எனக்குத்தான் நேரமில்லை" என்றும் எழுதியிருந்தார் (எம்எஸ் என்பது புழங்காத நாணயத்தின் தரம், 60 முதல் 70 வரை எண் தருவார்கள்). நிச்சயமாக 66 வரும் நாணயத்தை ஒருவர் ஏன் அப்படியே விற்க வேண்டும்? அன்று இந்தக் கேள்வி எனக்கு எழவில்லை.

வாங்கி மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து நாணயம் திரும்பி வந்தது. அவர்கள் அடைத்து அனுப்பிய பிளாஸ்டிக் பெட்டியின் சீட்டில் தர எண் இல்லை. அசல் நாணயம், நிறம் ஐயத்துக்குரியது (அதாவது செயற்கையாக ஏற்றியதாக இருக்கலாம்), அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் லென்ஸை எடுத்தேன். வெட்கக்கேடு. படலம் மெல்லியதாக இருக்கும் இடத்தில் முதலில் மஞ்சள், பிறகு செம்மை, அதன் பிறகுதான் நீலம் என்று நிறங்கள் வரிசையாக வர வேண்டும். இதிலோ வெள்ளையை ஒட்டி நேராக நீலம். அவர் எனக்கு எடுத்த அதே பாடத்தை அவருடைய நாணயத்திலேயே பொருத்திப் பார்த்திருந்தால் போதும்.

விற்றவருக்கு எழுதினேன். "மதிப்பீடு என்பது ஒருவருடைய கருத்து, வேறு நிறுவனத்துக்கு அனுப்பிப் பாருங்கள்" என்றார். அடுத்த இரண்டு கடிதங்களுக்குப் பதிலே இல்லை. ஏலத் தளமோ, திருப்பி அனுப்ப 30 நாள்தான் அவகாசம், அது முடிந்துவிட்டது என்று கைகழுவியது. அந்த 30 நாளும் நாணயம் மதிப்பீட்டு நிறுவனத்தின் வரிசையில் கிடந்தது! அந்த நிறுவனத்திடம் கட்டணத்தையாவது கேட்டேன். பார்த்துச் சொன்னதற்குத்தான் கட்டணம் என்றார்கள். அதை மட்டும் மறுக்க முடியவில்லை.

நிறநாணயம் வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. மதிப்பிட்டுப் பெட்டியில் அடைத்ததை மட்டும் வாங்குங்கள். பெட்டியின் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். பெட்டியில் இல்லாததை வாங்கியே தீர வேண்டுமென்றால், மதிப்பீடு முடியும்வரை திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வீடியோவை நம்பாதீர்கள், விளக்கைச் சாய்த்தால் எதுவும் மின்னும்.

அமிலக் கரைசலில் முக்கி நிறத்தை எடுத்துவிடு என்கிறார் நண்பர். முக்கினால் வெள்ளியின் பளபளப்பும் குறையும், 650 டாலருக்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். மாட்டேன்.

நேற்று இரவு அதே ஆள் இன்னொரு மோர்கன் டாலரை ஏலத்தில் போட்டிருக்கிறார். அதே விளக்கு, அதே நீலம். இதை எழுதும்போது பதினொரு பேர் விலை கேட்டிருக்கிறார்கள்.