சென்சார் ப்ரோகிராம் பண்றது வேற, டிரக்குக்கு சொல்லிக் குடுக்குறது வேற: ஆட்டெல் டிஎஸ்508 ரிவ்யூ

மிச்சிகன்ல இருக்கேன், 2013 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கு வச்சிருக்கேன். போன ஜனவரியில ஒரு நாள் காலையில வண்டிய எடுத்தா டேஷ்போர்டுல டயர் காத்துக்கான எச்சரிக்கை லைட்டு ஒரு நிமிஷத்துக்கு மேல விட்டு விட்டு மின்னிட்டு அப்புறம் அப்படியே எரிய ஆரம்பிச்சுது, கேஜ் வச்சுப் பாத்தா நாலு டயர்லயும் காத்து சரியா 35 பிஎஸ்ஐ இருக்கு. இது நிறைய பேருக்குத் தெரியல, வண்டிய ஸ்டார்ட் பண்ணதும் லைட்டு மின்னாம நேரா எரிஞ்சா காத்து கம்மின்னு அர்த்தம், முதல்ல மின்னிட்டு அப்புறம் எரிஞ்சா சிஸ்டமே கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். டயருக்குள்ள காத்தை அளக்குற சென்சார்ல சின்ன லித்தியம் பேட்டரி, அதையும் பசை ஊத்தி சீல் பண்ணி வச்சிருப்பாங்க, மாத்த முடியாது. அஞ்சுலேந்து பத்து வருஷம்தான் ஆயுசு, என் வண்டிக்கு அது தாண்டிடுச்சு. குளிர்ல பேட்டரி இன்னும் தளர்ந்துடும், அதான் காலையில செத்து மத்தியானம் உயிர் வந்து ஒரு வாரம் கண்ணாமூச்சி ஆடுச்சு.

ஒரு கடையில கேட்டேன், சென்சாருக்கு ஒரு விலை, ப்ரோகிராமிங்னு தனியா ஒரு விலை, ரீலேர்ன்னு இன்னொரு விலை, நாலு டயருக்கும் கூட்டிப் பாத்தா தலை சுத்துச்சு. ப்ரோகிராமிங், ரீலேர்ன் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டதுக்கு "எல்லாம் ஒண்ணுதான் சார்"ங்குற மாதிரி ஒரு பதில். ஒண்ணு இல்லைங்க! அந்த ரெண்டு வேலைக்கும் நான் வாங்குன ஆட்டெல் டிஎஸ்508 கருவி பத்தி இந்த ரிவ்யூ எழுதுறதே அதுக்குத்தான்.

கடையில விக்குற யூனிவர்சல் சென்சார் வெறும் வெள்ளைத்தாள் மாதிரி. அது ஃபோர்டு பேசுற மாதிரி பேசணுமா டொயோட்டா மாதிரி பேசணுமா, அதோட ஐடி நம்பர் என்ன, இதெல்லாம் அதுக்குள்ள எழுதணும், அதுதான் ப்ரோகிராமிங். அப்புறம் அந்த ஐடிய வண்டிகிட்ட "இனிமே இவன்தான் உன் ஆளு"ன்னு அறிமுகப்படுத்தணும், அது ரீலேர்ன். ஃபோர்டோட ஒரிஜினல் சென்சார் வாங்குனா முதல் வேலையே கிடையாது, எழுதித்தான் வரும், ரெண்டாவது மட்டும் போதும். அதுக்கு சென்சாரை எழுப்பி விடுற சின்ன கருவி இருந்தாலே வேலை முடிஞ்சுது. இது தெரியாம விலை கம்மின்னு யூனிவர்சல் சென்சார் வாங்கி மாட்டிட்டு லைட்டு அணையவே இல்லன்னு நிக்குறவங்கள நான் நேர்ல பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும், திரும்ப டயரைக் கழட்டக் கூலி வேற.

எனக்கு கோடைக்கு ஒரு செட்டு, பனிக்கு இரும்பு வீல்ல ஒரு செட்டுன்னு மொத்தம் எட்டு வீல். அதனால ஆட்டெல் டிஎஸ்508ம் அவங்களோட எம்எக்ஸ் சென்சார் எட்டும் வாங்கிட்டேன். ஒண்ண முன்னாடியே சொல்லிடுறேன், இந்தக் கருவி எல்லா கம்பெனி சென்சாரையும் படிக்கும் ஆனா எழுதுறது அவங்களோட எம்எக்ஸ் சென்சார்ல மட்டும்தான், வேற பிராண்டு கையில வச்சிருந்தா இதை வாங்காதீங்க. சென்சார் 315, 433 மெகாஹெர்ட்ஸ்னு ரெண்டு ஃப்ரீக்வென்ஸிலயும் வேலை செய்யுது, என் வண்டிக்கு 315. வால்வு தண்டு ரப்பர்லயும் வரும் அலுமினியத்துலயும் வரும், பாக்க அலுமினியம் அழகுதான், ஆனா இங்க ரோட்டுல போடுற உப்பு அதை அரிச்சுடும், அதான் நான் ரப்பரே எடுத்தேன். அலுமினியம் எடுக்குறவங்க தயவு செஞ்சு பித்தளை மூடி போடாதீங்க, ஒட்டிக்கிட்டுத் திருகும்போது தண்டே ஒடிஞ்சு வரும், பிளாஸ்டிக் மூடியே நல்லது.

எழுதுறது உண்மையிலேயே சுலபம். சென்சாரைக் கருவியோட தலைப்பக்கம் வச்சு, வண்டி, வருஷம் செலக்ட் பண்ணி, புது ஐடி போடுன்னு குடுத்தா கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடுது. பழைய சென்சாருக்கு உயிர் இருந்தா அதை எழுப்பி அதோட ஐடியவே புதுசுல காப்பி எடுக்கலாம், அப்படிப் பண்ணா வண்டிக்கு ஆள் மாறுனதே தெரியாது, ரீலேர்னே வேணாம். செத்துப் போயிருந்தாலும் பழைய சென்சார் உடம்புலயே ஐடி அச்சடிச்சிருக்கும், அதை டைப் பண்ணலாம். எழுதும்போது மத்த சென்சாரை தள்ளி வைங்க, டயருக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் ஒரு தடவை படிச்சு பேட்டரி நல்லாருக்கான்னு பாத்து ஐடிய ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. டயரை ரிம்லேந்து பிரிக்குறது வீட்டுல ஆகாத காரியம், அதை வேற ஒரு சின்ன கடையில குடுத்தேன். அந்த மனுஷன் வால்வுப் பக்கத்துல மிஷினை அழுத்தாம பக்குவமா பிரிச்சாரு, கைராசிக்காரரு.

இப்ப ரீலேர்ன். என் வருஷத்து வண்டிக்கு சாவிய ஆஃப்ல வச்சு பிரேக்கை ஒரு தடவ மிதிச்சு விடணும், ஆஃப்லேந்து ரன்னுக்கு (ஸ்டார்ட்டுக்கு முந்தின ஆன் நிலை) மூணு தடவ திருப்பணும், ரன்லயே நிறுத்தி திரும்ப பிரேக்கு, ஆஃப், மறுபடி மூணு தடவ. எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. சரியா பண்ணா ஹாரன் ஒரு தடவ அடிச்சு, இடது முன் டயரைக் காட்டுன்னு டிஸ்ப்ளேல வரும். வீட்டம்மா உள்ள உக்காந்து சாவிய திருப்ப நான் வெளிய கருவியோட நின்னேன். இடது முன், வலது முன், வலது பின், இடது பின், அதே வரிசைதான். கருவிய ரிம்மு மேல வைக்காதீங்க, வால்வுக்குப் பக்கத்துல டயர் ரப்பர் மேல வைங்க, இரும்பு சிக்னலை மறைச்சிடும். ஒவ்வொரு டயருக்கும் ஹாரன் ஒண்ணு, ரெண்டு அடிச்சா தோத்துட்டோம்னு அர்த்தம், மொதல்லேந்து ஆரம்பிக்கணும்.

நாலும் ஒழுங்கா அடிச்சுது. ஆனா அன்னிக்கு சாயங்காலமே லைட்டு மின்னுச்சு! ராத்திரி தூக்கமே வரல. காலையில கராஜ்ல போய் நின்னு பாக்கும்போதுதான் புரிஞ்சுது, பனி வீலு நாலையும் வலது பின் டயர் பக்கத்துலதான் அடுக்கி வச்சிருந்தேன். ஃபோர்டுல கருவி சென்சாரை எழுப்ப மட்டும்தான் செய்யும், அது கத்துறத வண்டி நேரடியா கேட்டுக்கும். நான் தட்டி எழுப்புனதுல அடுக்குல இருந்த ஒருத்தன் முந்திக்கிட்டான், வண்டியும் அவனையே எழுதிக்கிச்சு. "ஏங்க, அப்ப அதையெல்லாம் தள்ளிட்டு வண்டிய வெளிய எடுத்துப் பண்ணுங்க"ன்னு வீட்டம்மா சொன்னாங்க, தெருவுல நிறுத்திப் பண்ணேன், லைட்டு போயே போச்சு.

அதுக்கப்புறம் நான் பண்ண வேலைதான் இந்தக் கருவியோட உண்மையான லாபம். பனி வீலை ஒண்ணொண்ணா வெளிய உருட்டிட்டு வந்து, கோடை சென்சாரோட ஐடியவே அதுலயும் காப்பி எடுத்து எழுதிட்டேன், டயரைப் பிரிக்கவே இல்ல. எது எந்தப் பக்கம்னு உள்பக்கம் பெயின்ட்ல எழுதி வச்சேன். நவம்பர்ல வீலு மாத்துனேன், ஒரு பட்டனும் தொடல, லைட்டும் வரல.

விலை அதிகம்தான், அதை மறைக்க மாட்டேன். ஒரே செட்டு டயரு, பத்து வருஷத்துக்கு ஒரு தடவதான் சென்சார் மாத்தப் போறீங்கன்னா கடையிலேயே பண்ணிக்கோங்க, இல்ல ஒரிஜினல் சென்சாரும் சின்ன கருவியும் போதும். ராம் டிரக்கு வச்சிருக்கவங்களுக்கு ரீலேர்ன் கவலையே இல்ல, கொஞ்ச தூரம் ஓட்டுனா அதுவே கத்துக்கும். டொயோட்டா டன்ட்ராவுக்கு ஐடிய ஓபிடி வழியா, அதாவது வண்டி கம்ப்யூட்டரோட கருவிய இணைக்குற சாக்கெட் வழியா, உள்ள ஏத்தணும், டிஎஸ்508ல அந்த வயரு இருக்கு, அதைவிட சின்ன டிஎஸ்408ல இல்ல, பணம் மிச்சம்னு அதை எடுத்துடாதீங்க.

இந்த லைட்டை டேப்பு ஒட்டி மறைக்குறவங்களும் இருக்காங்க, அதைப் பாத்தா எனக்குக் கோவம் வரும். ஃபயர்ஸ்டோன் டயரு கெட்டு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிங்க உருண்டு அத்தனை பேரு செத்த பிறகுதான் அமெரிக்காவுல 2000ல சட்டம் போட்டு, 2007 செப்டம்பர்லேந்து எல்லா புது காருக்கும் சின்ன டிரக்குக்கும் இது கட்டாயம்னு ஆச்சு. அதுவும் காத்து கால்வாசி குறைஞ்ச பிறகுதான் லைட்டே வரும், 35 போட வேண்டிய டயர்ல 26 ஆகியிருக்கும் அப்ப. அதனால நான் சென்சார் புதுசா இருந்தாலும் மாசம் ஒரு தடவ கையால கேஜ் வச்சுப் பாக்குறத விடல.

பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தன் டன்ட்ரா வச்சிருக்கான், அடுத்த சனிக்கிழமை கருவிய எடுத்துட்டுப் போறேன், "அண்ணா எட்டு சென்சார் வாங்கிட்டேன்"ன்னு இப்பதான் மெசேஜ் பண்ணான்.