ஃபெஸ்டூல் கேபெக்ஸ் கே.எஸ். 120: அறுப்பில் குறையில்லை, மோட்டாரில்தான் கவனம் தேவை

கேபெக்ஸ் என்பது ஃபெஸ்டூல் கம்பெனியின் மைட்டர் சா, மரத்தை வேண்டிய கோணத்தில் குறுக்கே அறுக்கும் மெஷின். அதை வாங்கும் தச்சர் துல்லியத்துக்காகத்தான் இவ்வளவு விலை கொடுக்கிறார், அந்தத் துல்லியம் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. கூடவே நீடித்த உழைப்பும் கிடைக்கும் என்று நம்பி வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பல ஆண்டுகளாகப் பயனர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே பெரிய புகார், ஆர்மேச்சர் (மோட்டாரில் சுழலும் பகுதி) எரிந்துபோகிறது என்பது.

முதலில் நல்லது. 260 மி.மீ. பிளேடு, 305 மி.மீ. அகலமும் 88 மி.மீ. கனமும் அறுக்கும் திறன், எடை 21.5 கிலோ. அறுக்கும் தலை ஓடும் ரெயில் முன்பக்கமே நிலையாக நிற்பதால் மெஷினைச் சுவரோரம் ஒட்டிப் போட்டு வேலை செய்யலாம். இரட்டை லேசர் அறுப்பின் இரு விளிம்பையும் காட்டுகிறது. தூசி உறிஞ்சுவதில் இதற்கு நிகராக மிகச் சில மெஷின்களே உண்டு. குடியிருக்கும் வீட்டுக்குள் பீடிங், ஸ்கர்ட்டிங் அடிப்பவருக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

இனி மோட்டார். 1600 வாட், கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். எலக்ட்ரானிக்ஸ் பிளேடின் வேகத்தை நிமிடத்துக்கு 1400 முதல் 3400 சுற்றுக்குள் நாம் வைத்த இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. புகார்களில் பெரும்பகுதி வட அமெரிக்காவின் 120 வோல்ட் மாடலைப் பற்றியது. அதே 1600 வாட்டுக்கு அங்கே 13 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 230 வோல்ட்டில் 7 ஆம்பியர். ஒரே எக்ஸ்டென்ஷன் ஒயரில், சப்ளையோடு ஒப்பிட்டால் வோல்டேஜ் இழப்பு அங்கே கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதற்காக 230 வோல்ட்காரர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கட்டட சைட்டில் தற்காலிக இணைப்பில் வோல்டேஜ் 200-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். சாதாரண மெஷினாக இருந்தால் வேகம் குறைந்து நமக்கே காட்டிக்கொடுக்கும். இதில் வேகத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்க எலக்ட்ரானிக்ஸ் கூடுதல் கரன்ட்டை மோட்டாருக்குள் தள்ளுகிறது. கையில் வித்தியாசம் தெரியாது, வைண்டிங் (கம்பிச் சுற்று) மட்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கும். வெப்பப் பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் சுழலும் ஆர்மேச்சரின் சூட்டை அது நேராக அளப்பதில்லை.

அதனால் ஒயர்தான் முதல் சிகிச்சை. 0.75 சதுர மி.மீ. ஒயரில் 50 மீட்டர் இழுத்தால் 7 ஆம்பியர் லோடில் சுமார் 18 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் அது 6 வோல்ட்டுக்குள் அடங்கும். சுருளை முழுதாக அவிழ்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். லோடில் அறுக்கும்போது அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் இன்னொரு பிளக்கில் மல்டிமீட்டரைச் செருகிப் பாருங்கள். 210-க்குக் கீழே காட்டினால் அன்றைக்குத் தடிமனான மரத்தைத் தொட வேண்டாம்.

அடுத்தது வேகம். குளிர்விக்கும் ஃபேன் ஆர்மேச்சர் தண்டிலேயே இருப்பதால், வேகத்தைக் குறைத்தால் காற்றும் குறையும். அலுமினிய செக்ஷனைக் குறைந்த சுற்றில் தொடர்ந்து அறுப்பவர்கள் மெஷினை அறியாமலே வாட்டுகிறார்கள். பத்துப் பதினைந்து அறுப்புக்கு ஒருமுறை, லோடு இல்லாமல் முழு வேகத்தில் அரை நிமிடம் ஓடவிடுங்கள். சூடாக இருக்கும்போது சட்டென்று அணைத்தால் உள்ளே தேங்கிய சூடு வைண்டிங் கம்பியின் மேல்பூச்சான வார்னிஷைத் தின்னும்.

பிளேடையும் சொல்லியாக வேண்டும். இந்த மெஷின் 2.5 மி.மீ. அறுப்பு அகலத்தை நினைத்துச் செய்யப்பட்டது. 3.2 மி.மீ. பிளேடு மாட்டினால் ஒவ்வொரு அறுப்பிலும் 28 சதவீதம் கூடுதல் மரத்தைத் தின்ன வேண்டும். மழுங்கிய பிளேடு இன்னும் மோசம். பிளைவுட் பசையும் தேக்குப் பிசினும் பல்லில் கருப்பாகப் படிந்திருந்தால் சாணை பிடிக்கும் முன் கழுவிப் பாருங்கள், பாதிக் கோளாறு அதில் தீரும். 260 மி.மீ. வெளிவட்டம், 30 மி.மீ. துளை என்ற அளவு சாதாரண ஹார்டுவேர் கடையில் சுலபமாகக் கிடைக்காது. உதிரி பிளேடு ஒன்று கையில் இல்லாமல் சைட்டுக்குப் போகாதீர்கள்.

மோட்டார் போவதற்கு முன் எச்சரிக்கும். கார்பன் உரசி ஓடும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி முழு வளையமாக நீலப் பொறி, வார்னிஷ் கருகும் வாசனை, லோடு இல்லாமலே வேகம் ஏறி இறங்குவது, சில நேரம் ஸ்டார்ட் ஆகாமல் பிளேடைக் கையால் கொஞ்சம் திருப்பிவைத்த பிறகு ஸ்டார்ட் ஆவது. கடைசி அறிகுறி வந்தால் (பிளக்கைப் பிடுங்காமல் பிளேடைத் தொடவே கூடாது) முதலில் கார்பனைப் பாருங்கள். கார்பன் நன்றாக இருந்தால், கம்யூட்டேட்டரில் அடுத்தடுத்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸ் அளந்துகொண்டே ஒரு சுற்று வாருங்கள். எல்லாம் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒரு இடத்தில் ஏறினால் வைண்டிங் அறுந்திருக்கிறது, இறங்கினால் ஷார்ட். அப்புறம் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் கம்யூட்டேட்டருக்கும் தண்டுக்கும் நடுவே பாருங்கள். 2 மெகாஓமுக்குக் கீழே என்றால் அந்த ஆர்மேச்சரை நம்ப முடியாது. கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்ய எமரி தாள் வேண்டாம். அதன் துகள் பட்டைகளின் இடுக்கில் போய் உட்காரும்.

ரீவைண்டிங் கடையில் கட்டிக்கொள்ளலாமா? சுழலாமல் நிற்கும் ஃபீல்டு காயிலைக் கட்டலாம், நல்ல ஆள் கட்டினால் ஓடும். ஆர்மேச்சருக்கு அது சரிவராது. இந்த வகை மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுவது. பேலன்ஸ் சற்றுப் பிசகினாலும் பேரிங் போகும், அறுப்பு முகத்தில் அலை விழும். புது ஆர்மேச்சரே வழி. வாங்கி 30 நாளுக்குள் பதிவு செய்தால் கம்பெனி 3 ஆண்டு வாரன்டி தருகிறது. சர்வீஸ் சென்டர் எட்டும் தூரத்தில் இல்லாதவருக்கு அந்த வாரன்டியால் பாதிப் பயன்தான்.

மற்ற உயர்வகை மெஷின்களும் குறையற்றவை அல்ல. டிவால்ட்டின் டி.டபிள்யூ.எஸ். 779, 780, டி.ஹெச்.எஸ். 790 மாடல்களில் பின்பக்கக் கார்டு (பிளேடின் பாதுகாப்பு மூடி) உடைந்தோ கழன்றோ விழும் அபாயத்தால் 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 14 லட்சம் மெஷின்கள் திரும்ப அழைக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய 780 வாங்குபவர் 2019 ஏப்ரல் முதல் 2022 மே வரையிலான தயாரிப்பா என்று தேதிக் குறியைப் பார்த்தே வாங்க வேண்டும். அந்தக் கார்டு நீங்கலாக, நாள் முழுக்கத் தேக்குச் சட்டம் அறுக்கும் பட்டறைக்கு 305 மி.மீ. பிளேடும் பெல்ட் டிரைவும் உள்ள 780-ஐயே சிபாரிசு செய்வோம். பிளேடின் நிழலையே மரத்தில் கோடாகக் காட்டும் அதன் நிழல்கோட்டு விளக்கு லேசரைப் போல அளவு விலகுவதும் இல்லை.

கேபெக்ஸ் ஃபினிஷிங் வேலைக்காரரின் மெஷின். உள் அலங்கார வேலைக்குத் தயங்காமல் வாங்கலாம். நிலை, ஜன்னல் சட்டம் என்று கனமான வேலையே பிழைப்பு என்றால் வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வருவதை வாங்குவதானால் 300 மி.மீ. அகலப் பலகை ஒன்றைக் கொண்டுபோங்கள். நடுவே அறுத்து, ஒரு துண்டைப் புரட்டி, இரண்டையும் ஃபென்ஸோடு (மெஷினில் மரத்தை ஒட்டி வைக்கும் பின்சட்டம்) அணைத்துச் சேர்த்தால் தெரியும் இடைவெளி, பிழையின் இரட்டிப்பு, 1 மி.மீ. என்றால் கோணம் 0.1 டிகிரி விலகியிருக்கிறது, அதைச் சரிசெய்துகொள்ளலாம். பிறகு தடிமனான தேக்கில் பத்து அறுப்பு தொடர்ந்து போட்டு, மோட்டாரின் காற்றுத் துவாரத்தில் மோந்து பாருங்கள். கருகல் வாசனை வந்தால் புது ஆர்மேச்சரின் விலையைச் சர்வீஸ் சென்டரில் கேட்டு, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.