வேனுக்குப் புது மேனிபோல்டு மாட்டியதாக 42,000 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்: வண்டி வைத்திருப்பவர்கள் கவனம்

கை நடுங்குகிறது. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக் காலையில் வேறு யாராவது அங்கே வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. பட்டறையின் பெயரை எழுதவில்லை. நெடுஞ்சாலையோரத்தில் பஸ், வேன், லாரிகளுக்கு மட்டும் வேலை பார்க்கிற பெரிய டீசல் பட்டறை. குமரி மாவட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அப்படிப்பட்ட இடங்கள் தெரியும்.

என்னுடையது 21 பேர் அமரும் சுற்றுலா வேன். எங்கள் வீட்டுச் சோறு அதில்தான். ஒரு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் சூடானதும் குறைந்துவிடும். ஏற்றத்தில் இழுவையும் போய்விட்டது. பட்டறை முதலாளி பானட்டைத் தூக்கிப் பார்த்ததுமே சொன்னார்: “மேனிபோல்டு வெடித்திருக்கிறது அண்ணாச்சி. மூன்றாவது சிலிண்டருக்கும் நான்காவதுக்கும் நடுவில்.”

எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாய்தான் மேனிபோல்டு. அவர் சொன்னதில் பொய் இல்லை. சூடாவதும் ஆறுவதுமாக வருடக்கணக்கில் ஓடினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். புகை சைலன்சருக்குப் போகாமல் அங்கேயே கசியும். டிரைவர் பக்கத்திலேயே எஞ்சின் இருக்கிற வேனில், பானட் ஓரத்து ரப்பர் வழியாகவும் கியர் லிவரின் அடிப்பக்கம் வழியாகவும் அந்தப் புகை உள்ளே ஏறும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். “பெட்டி கட்டியது போன்ற வண்டி அண்ணாச்சி, ஏசி போட்டால் உள்ளே உள்ள காற்றுதான் சுற்றும், உயிர் விஷயம்” என்றார். ஆபத்தை இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவான் என்று யார் நினைப்பார்கள்?

அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புது மேனிபோல்டை எடுத்து, துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ளங்கையில் ஒட்டியது. “என் பிள்ளை இந்த வண்டியில் ஏறினால் எப்படிச் செய்வேனோ அப்படிச் செய்து தருகிறேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். மேனிபோல்டு, கேஸ்கெட் (இடுக்கில் வைக்கும் அடைப்புத் தகடு), ஸ்டட் (இறுக்கும் போல்ட்), கூலி எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். பாதி கடன் வாங்கிய பணம். தக்கலையில் ஒரு துக்க வீடு இருந்ததால் வண்டியை விட்டுவிட்டுப் போனேன். மாலையில் வந்தபோது வேலை முடிந்திருந்தது. மேனிபோல்டு வெள்ளியாய் மின்னியது. பழையது எங்கே என்று கேட்டேன். இரும்புக் கடைக்காரன் எடுத்துப் போய்விட்டானாம். பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைத் துண்டுத்தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள்.

பதினோராவது நாள் திருச்செந்தூருக்கு ஒரு காதுகுத்து வீட்டு சவாரி. திரும்பும்போது இருட்டி, உவரி தாண்டியதும் நல்ல மழை. கண்ணாடி எல்லாம் ஏற்றி ஏசி போட்டேன். வண்டி நிறையப் பிச்சிப்பூ வாசம். புகை வாசம் எதுவும் என் மூக்குக்கு எட்டவில்லை. கூடங்குளம் வருவதற்குள் எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. பின்னால் ஒருவர் மாற்றி ஒருவர் தலைவலி என்றார்கள். மொட்டை போட்ட குழந்தை, தலையில் சந்தனம் காயாமல், தாய் மடியிலேயே வாந்தி எடுத்தது. வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அஞ்சுகிராமத்தில் டீக்கு நிறுத்தியபோது முன் இருக்கைப் பாட்டியால் எழுந்து நிற்க முடியவில்லை. மற்றவர்களுக்கு வெளிக்காற்று பட்டதும் தலை தெளிந்தது. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது.

வேறு வண்டி பிடித்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாட்டியின் விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டியது. அதை நம்பக் கூடாது என்றார் டாக்டர். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுமாம். அந்தக் கருவிக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதாம். பாட்டிக்கும் குழந்தைக்கும் உடனே ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். விடியும்வரை வராந்தாவில் நின்றேன். அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் கோட்டாறில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்தேன். எஞ்சினை நிறுத்தி, புகைக்குழாய் வாயில் துணி சுற்றிக் காற்றுக் குழாயை வைத்தார். மேனிபோல்டு மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். வெள்ளி நிறத்துக்கு அடியிலிருந்து வரிசையாக நுரை பொங்கியது. கம்பித் தூரிகையால் தேய்த்தார். பெயிண்ட் உரிந்ததும் உள்ளே வெல்டிங் தழும்பு, அதன் நடுவிலேயே மறுபடியும் விரிசல், சுற்றிலும் விசிறி போல் கரி. ஓரத்தில் நான் முன்பே உளியால் போட்டிருந்த குறி. என் பழைய மேனிபோல்டேதான்! என் கையில் கொடுத்த புதியது என் வண்டிக்கு ஏறவே இல்லை. ஒரு ஸ்டட்கூடப் புதிதாக மாட்டவில்லை.

அன்றே பட்டறை முதலாளிக்குப் போன் செய்தேன். முதலில் “டீசல் வண்டியில் அந்த விஷவாயு வரவே வராது” என்றார். பெட்ரோலைவிடக் குறைவு என்பதுதான் உண்மை, வராது என்பது பொய். அடுத்த நாள் முதலாளி திருவனந்தபுரம் போயிருக்கிறாராம். அதற்கு அடுத்த நாள் நேரில் போனேன். பையன், “ஞாயிறு கழித்து வாருங்கள்” என்றான். முதலாளியின் பைக் வாசலில்தான் நின்றது. கடைசியாகக் கிடைத்த பதில்: “வேறு இடத்தில் பிரித்துவிட்டீர்களே, இனி நாங்கள் பொறுப்பில்லை.” 42,000 ரூபாய்! வாங்கும்போது பிள்ளையைப் பற்றிப் பேசிய வாய் இது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். கையில் இருப்பது அந்தத் துண்டுத்தாளும், பெயிண்ட் உரித்த மேனிபோல்டின் படங்களும்தான்.

பஸ், வேன், வீடு போல் மாற்றிய வண்டி எது வைத்திருந்தாலும் சரி: பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். புகைச் சான்றிதழ் இருக்கிறது, எஃப்சி (வண்டித் தகுதிச் சான்றிதழ்) இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள், எனக்கும் இரண்டும் இருந்தன. பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் உடனே நிறுத்தி எல்லோரையும் இறக்குங்கள். ரசீது, ரசீது, ரசீது.

இன்னும் எழுத இருந்தது. பாட்டிக்குத் தலைவலி விடவில்லை என்று மகன் இப்போதுதான் போன் செய்தார். கிளம்புகிறேன்.